பைக் டயருக்குள்ள பேலன்சிங் மணி போட்டா வெயிட்டே ஒட்ட வேண்டாமா?

நீங்க கேட்டத முதல்ல திருப்பிச் சொல்லிடறேன். டயர வீட்டுலயே மாத்திக்கிறீங்க, பேலன்சிங் மிஷின் கைவசம் இல்ல. ரிம்ல வெயிட் ஒட்டறதுக்கு பதிலா டயருக்குள்ள ஒரு பொட்டலம் செராமிக் மணியக் கொட்டிட்டா ஓடும்போது அதுவே தேவையான இடத்துக்குப் போய் பேலன்ஸ் பண்ணிக்கும்னு விக்கறவங்க சொல்றாங்க. உங்க நண்பர் என்னடான்னா, சுத்தும்போது எதுவுமே கனமான பக்கம் தான் போகும், அதனால ஆட்டம் இன்னும் அதிகமாத்தான் ஆகும், இது சுத்த ஏமாத்துன்னு சொல்றார். யார் சொல்றது சரின்னு கேக்கறீங்க. இதுக்குள்ள ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு. மணி தானா பேலன்ஸ் பண்ணும்ங்கற தத்துவம் நெசமாங்கறது ஒண்ணு, அந்தத் தத்துவம் ஒரு பைக் சக்கரத்துக்குள்ள வேலை செய்ய வாய்ப்பு இருக்காங்கறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு பதில் ஆமா. ரெண்டாவதுக்கு என் பதில் பெரும்பாலும் இல்ல, ஆனா அதுல கொஞ்சம் இழுபறி இருக்கு, அத மறைக்காம சொல்றேன். சுத்தற மிஷின்களோட அதிர்வு பாக்கறது தான் என் தொழில், ஃபேன், பம்ப் இம்பெல்லர், மோட்டார் ரோட்டர்னு பேலன்ஸ் பண்ணியே பல வருஷம் போச்சு, பைக் டயர் மாத்தறது சொந்த ஆர்வம்.

எவ்வளவு விசையப் பத்திப் பேசறோம்னு ஒரு அளவு தெரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். 17 இன்ச் ரிம்ல 120/70 டயர்னு வெச்சுக்கோங்க, மொத்த விட்டம் கிட்டத்தட்ட 600 மில்லிமீட்டர் வரும். மணிக்கு 100 கிலோமீட்டர்ல அந்தச் சக்கரம் செகண்டுக்கு 15 சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா சுத்தும். ரிம்ல ஒரு பக்கம் 10 கிராம் கூடுதலா இருந்தா அந்த வேகத்துல அது சுமார் 18 நியூட்டன், அதாவது ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ, ஆக்சில வெளிப்பக்கமா இழுக்கும், ஒரு சுத்துக்குள்ள மேல, முன்ன, கீழ, பின்னன்னு திசை மாறிக்கிட்டே. வேகம் பாதியானா விசை கால்வாசி ஆகிடும், அதனால 50ல அரை கிலோ கூட வராது, அதே 150ல போனா நாலு கிலோவத் தாண்டிடும். 60, 70க்கு மேல போகாதவங்க வெயிட் கழண்டு விழுந்தது கூடத் தெரியாம வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருக்கறதுக்கு இதான் காரணம், ஹைவேல ஓட்டறவங்களுக்கு மட்டும் ஹேண்டில்பார்ல தெரியறதும் இதனால தான்.

இப்ப உங்க நண்பர் சொன்னதுக்கு வருவோம். கனமான பக்கம் தானே போகும்னு அவர் சொல்றது ஒரு வேக எல்லைக்குக் கீழ சரி. ஒரு ரப்பர் பேண்டுல நட்டு ஒண்ணக் கட்டித் தொங்கவிட்டு மேல் நுனியப் பிடிச்சு கைய மெதுவா மேல கீழ ஆட்டிப் பாருங்க, நட்டு கை கூடவே வரும். ஆட்டற வேகத்தக் கூட்டிட்டே போனா ஒரு இடத்துல நட்டு கன்னாபின்னான்னு குதிக்கும், அதையும் தாண்டி வேகமா ஆட்டினா கை மேல போறப்ப நட்டு கீழ வரும். அந்தக் குதிக்கற இடம் தான் ரெசனன்ஸ். சஸ்பென்ஷன்ல தொங்கற சக்கரமும் இப்படித்தான். ரெசனன்ஸுக்குக் கீழ சுத்தினா கனமான பக்கம் எந்தத் திசைல இருக்கோ அதே திசைக்கு ஆக்சிலும் லேசா நகரும், அப்ப சுழற்சியோட நிஜ மையத்துல இருந்து பாத்தா கனமான பக்கம் தான் அதிக தூரம், மணியும் அங்க தான் போகும், ஆட்டம் கூடும். ரெசனன்ஸத் தாண்டிட்டா நகர்வு எதிர்த் திசைக்கு மாறிடும், சக்கரம் ஆக்சில் மையத்த விட்டுட்டு அதோட எடை மையத்தச் சுத்தி சுழலப் பாக்கும். இப்ப லேசான பக்கம் தான் மையத்துல இருந்து தூரமா இருக்கு, அதனால மணி அங்க ஓடும், எடை சமமாகும், சமமானதும் நகர்வே இல்லாமப் போகும், மணியும் அப்படியே நிக்கும். இதுல மாயமும் இல்ல ஏமாத்தும் இல்ல, பல காலமா மிஷின்கள்ல பயன்படுத்தற விஷயம் தான். துணி துவைக்கற மிஷின்ல டிரம் விளிம்புல உப்புத் தண்ணி அடைச்ச வளையம் இருக்கறதும், சில டிவிடி டிரைவ்ல தட்டு சுத்தற இடத்துல குட்டிக் குட்டி ஸ்டீல் பால் இருந்ததும் இதுக்குத்தான்.

பிளாஸ்டிக் பாட்டில்ல மணியப் போட்டு டிரில் மிஷின்ல சுத்த விட்டு, ஒரு பக்கம் வெயிட் ஒட்டினதும் மணி எல்லாம் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ற மாதிரி வீடியோ பாத்திருப்பீங்க. அது கிராஃபிக்ஸ் இல்ல, அப்படித்தான் நடக்கும். பாட்டில் லேசு, பிடிமானம் தொளதொளன்னு இருக்கு, ஒட்டின வெயிட் பாட்டில் எடைக்கு முன்னாடி பெருசு, அதனால மையம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு நகருது, உள்பக்கம் வழவழன்னு வட்டமா வேற இருக்கு. மணிக்கு இதவிட நல்ல சூழ்நிலையே அமையாது. டயருக்குள்ள இதுல எதுவுமே அப்படி இல்லங்கறது தான் சிக்கல்.

நகர்வோட அளவப் பாருங்க. முன் சக்கரம், டயர், டிஸ்க், காலிப்பர், ஃபோர்க்கோட கீழ் பாகம் எல்லாம் சேத்து சஸ்பென்ஷனுக்குக் கீழ இருக்கற எடை சுமார் 15 கிலோன்னு வெச்சுக்குவோம். ரிம்ல 10 கிராம் ஏத்தத்தாழ்வு இருந்தா, ரெசனன்ஸ நல்லாத் தாண்டின வேகத்துல மையம் எவ்வளவு நகரும்னு கணக்குப் போட்டா 0.14 மில்லிமீட்டர் வருது. ஒரு பேப்பர் தடிமன விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவு தான். அந்த 0.14 மில்லிமீட்டர நம்பித்தான் மணி இடம் மாறணும். அதே சமயம் 100 கிலோமீட்டர் வேகத்துல மணி டயரோட உள்சுவர்ல அதோட சொந்த எடையப் போல சுமார் 250 மடங்கு விசையோட அழுந்திக்கிட்டு இருக்கு. பக்கவாட்டுல அதத் தள்ற விசை, அழுத்தற விசைல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. இரும்பு மேல இரும்பு பால் உருண்டா ஒருவேளை அதுவே போதும், இங்க இருக்கறது ரப்பர். ரப்பர் மேல அவ்வளவு அழுத்தத்துல இருக்கற மணி உருளறதுக்கு அத விடப் பல மடங்கு தள்ளு வேணும். அதனால சும்மா சுத்தறதால மட்டும் மணி தன் இடத்தத் தேடிப் போயிடும்ங்கறது நடக்காது, வேற ஏதாவது அதத் தட்டி உலுக்கிக்கிட்டே இருக்கணும்.

உலுக்கறதுக்கு ஆள் இருக்குங்கறதும் உண்மை. டயர் தரையத் தொடற இடத்துல ஒரு துண்டு தட்டையாகுது இல்லையா, அந்தத் துண்டக் கடக்கற நேரத்துக்கு டயர் வளைஞ்சு சுத்தறது நின்னு நேரா ஆகிடுது, அதனால மணிய அழுத்திட்டிருந்த விசை ஒரு கணம் காணாமப் போயிடும், அப்பறம் திரும்ப வந்து அறையும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொரு மணிக்கும் இது நடக்குது, கூடவே ரோட்டு மேடு பள்ளம். அதனால உராய்வு பிடிச்சு வெச்சுக்கும்ங்கற ஒரு காரணத்த மட்டும் காட்டி மணி நகரவே நகராதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், நகரலாம். நான் சொன்ன இழுபறி இதான், பேப்பர்ல கணக்குப் போட்டு மட்டும் இத முடிக்க முடியாது.

ஆனா நகர்ந்தா எங்க போகும்? என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த விவாதத்தோட முடிச்சே இங்க தான் இருக்கு, இத யாரும் அவ்வளவா பேசறதில்ல. மணிக்கு எது கனமான பக்கம் எது லேசான பக்கம்னு ஒண்ணும் தெரியாது, சுழல் மையத்துல இருந்து எந்த இடம் அதிக தூரமோ அங்க போகும், அது ஒண்ணு தான் அதுக்குத் தெரியும். டயரோட உள்பக்கம் கடைஞ்செடுத்த வட்டம் கிடையாது. ரிம்லயே கொஞ்சம் ஓட்டம் இருக்கும், அதாவது சுத்தறப்ப விளிம்பு சரியான வட்டத்த விட்டு லேசா ஏறி இறங்கும் (இதத் தான் ரன்அவுட்னு சொல்வாங்க), நிறைய சர்வீஸ் மேனுவல்ல ரிம் ரன்அவுட்டுக்கு 2 மில்லிமீட்டர் வரைக்கும் அனுமதி போட்டிருப்பாங்க. டயர் விளிம்பு ரிம்ல உக்கார்றதுல கொஞ்சம் வித்தியாசம், டயருக்குள்ள லேயர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒட்டின இடத்துல கொஞ்சம் தடிப்பு. எல்லாம் சேத்து அரை மில்லிமீட்டர் ஓட்டம்னா அது ரொம்ப நல்ல சக்கரம். அந்த அரை மில்லிமீட்டர், எடை ஏத்தத்தாழ்வால வர்ற 0.14ஐ விட மூணு மடங்குக்கும் மேல. அப்ப உலுக்கி விட்டா மணி போற இடம் டயர் வெளிய புடைச்சிருக்கற பக்கம், எடை தேவைப்படற பக்கம் இல்ல. ரெண்டும் ஒரே பக்கமா அமைஞ்சா உங்க அதிர்ஷ்டம், எதிர்ப்பக்கமா அமைஞ்சா இன்னும் கெடுக்கும். மிஷின்கள்ல ஸ்டீல் பால் ஓடற பாதைய அவ்வளவு துல்லியமா கடையறது இந்த ஒரு காரணத்துக்காகத் தான்.

வேகமும் இடிக்குது. டயர் மேல சக்கரம் துள்ளற ரெசனன்ஸ் பொதுவா செகண்டுக்கு 10ல இருந்து 15 தடவைங்கற வாக்குல இருக்கும், மேல சொன்ன சக்கரத்துக்கு அது மணிக்கு சுமார் 70ல இருந்து 100 கிலோமீட்டர் வேகம். நாம தினமும் ஓட்டற வேகமே அது தான். அதுக்குக் கீழ, அதுவும் துள்ளல் வேகத்த நெருங்கி வர்ற நேரத்துல, மணிய உங்க நண்பர் சொன்ன பக்கம் தள்ளத்தான் இயற்பியல் பாக்கும், நல்லாத் தாண்டினப்புறம் தான் விக்கறவங்க சொல்ற பக்கம். முன்னும் பின்னும் ஃபோர்க் வளையற விறைப்பு வேற, மேல கீழ சஸ்பென்ஷன் ஆடற விறைப்பு வேற, அதனால ஒரே வேகத்துல ஒரு திசைக்கு சரியா இருக்கறது இன்னொரு திசைக்கு தப்பா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

இவ்வளவும் சொன்னப்புறம் நீங்க கேக்கப் போறது தெரியும். அப்ப ஏன் இத்தனை பேர் மணி போட்டு சூப்பரா ஓடுதுங்கறாங்க? அவங்க பொய் சொல்லல. இப்ப வர்ற நல்ல டயரும் நல்ல ரிம்மும் சேந்தா வெயிட்டே இல்லாம 10, 20 கிராமுக்குள்ள தான் ஏத்தத்தாழ்வு இருக்கும், அத நிறைய பேரால ஹேண்டில்ல உணரவே முடியாது. தேஞ்சு போன பழைய டயரக் கழட்டிட்டு புது டயர் போடறாங்க, கூடவே மணியும் போடறாங்க, வண்டி வெண்ணெயா ஓடுது, பேர் மணிக்குப் போகுது. அதே புது டயர ஒண்ணுமே போடாம நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் மணி போட்டு ஓட்டிப் பாத்தேன்னு சொல்றவங்க ரொம்ப அபூர்வம். மணி கெடுதலும் பண்ணாம இருக்கறதுக்கு இன்னொரு காரணம், முன் டயருக்கு வழக்கமா போடற ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம்ல ஆயிரக்கணக்கான மணி இருக்கும், அதெல்லாம் சுத்தியும் பரவி ஒட்டிக்கிட்டா ஒண்ணுக்கொண்ணு எடை அடிபட்டு நிகரமா கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகிடும். அதே 28 கிராமும் ஒரே இடத்துல கூடினா 100 கிலோமீட்டர் வேகத்துல ஏழு கிலோ விசை வரும், ஆனா அப்படி மொத்தமா கூடறது ஈரம் பட்டுக் கட்டி பிடிச்சா ஒழிய நடக்காது. ஆக, நிறைய வண்டில அது உபயோகமும் இல்லாம உபத்திரவமும் இல்லாம உள்ள சுத்திக்கிட்டு இருக்கு, இது என் கணிப்பு.

லாரிக்காரங்க போடறாங்களேன்னு ஒரு வாதம் வரும். அங்க டயர் எடையும் ஏத்தத்தாழ்வும் வேற லெவல், போடற மணியும் நூறு நூறு கிராமா, ஆக்சிலும் டயரும் வேற மாதிரி. அங்க நடக்கறத வெச்சு பைக்குக்கு முடிவு சொல்ல முடியாது, பைக்க வெச்சு லாரிக்கும் சொல்ல மாட்டேன்.

பேலன்சிங் மிஷின்ல மாட்டி சோதிச்சுப் பாக்கலாமேன்னு தோணும். அது ஆகாது. கடை மிஷின்ல ஷாஃப்ட இறுக்கிப் பிடிச்சிருக்கும், மையம் நகர விடாம விசைய மட்டும் அளக்கற மாதிரி அமைப்பு, அதனால உள்ள மணி இருந்தா ஒவ்வொரு தடவை சுத்தறப்பவும் ஒவ்வொரு நம்பர் காட்டும், கடைக்காரர் தலையப் பிச்சுக்குவார். மணி போட்டிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. மெதுவா சுத்தி விட்டு கீழ வந்து நிக்கற இடத்தப் பாக்கற ஸ்டாண்டுலயும் இது வேலைக்காகாது, எல்லா மணியும் அடியில வந்து கிடக்கும். வண்டி வேகம் ஆறு ஏழு கிலோமீட்டரத் தாண்டினா தான் மணி சுவர்ல ஒட்டவே ஆரம்பிக்கும், அதுக்குக் கீழ வந்தா மறுபடி கொட்டிடும், அதனால ஒவ்வொரு தடவை நின்னு கிளம்பறப்பவும் அதோட அடுக்கு புதுசு தான்.

இதெல்லாம் தாண்டியும் போட்டுப் பாக்கணும்னா சில நடைமுறை விஷயம். டயர் வால்வுக்குள்ள இருக்கற பின்ன (வால்வ் கோர்) ஃபில்டர் வெச்சதா மாத்துங்க, இல்லன்னா காத்து செக் பண்றப்ப ஒரு மணி போய் வால்வ் அடைபடற இடத்துல மாட்டிக்கிட்டு சன்னமா காத்து இறங்கிட்டே இருக்கும், எங்க பஞ்சர்னு தேடியே பொழுது போயிடும். டயர் ஏத்தறப்ப தடவின சோப்புத் தண்ணி நல்லா காயணும், கம்ப்ரசர்ல தண்ணி தேங்கி இருக்கக்கூடாது, ஈரம் பட்ட மணி கட்டியாகிடும், அது தான் உண்மையிலயே ஆபத்தான நிலைமை. பஞ்சர் அடைக்கற திரவம் உள்ள இருந்தா மணி பக்கமே போகாதீங்க, ரெண்டும் சேந்து பசை உருண்டை ஆகிடும். பஞ்சர் ஒட்டறப்ப உள்பக்கம் வர்ற பிளக் பசைலயும் மணி போய் ஒட்டும், டயரக் கழட்டினா தரை பூரா சிதறும். காசு மிச்சம்னு மணல், பொம்மைத் துப்பாக்கி பிளாஸ்டிக் குண்டு, சைக்கிள் பால்ஸ் இதெல்லாம் போடறவங்க இருக்காங்க, வேண்டாம், மணல் உள் லைனர அறுக்கும், பிளாஸ்டிக் அரைஞ்சு பொடியாகும், ஸ்டீல் துரு பிடிக்கும். டயர் கம்பெனி வாரன்ட்டில டயருக்குள்ள போடற பொருளப் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் ஒரு தடவை படிச்சுடுங்க.

உங்க நிலைமைல நான் என்ன செய்வேன்னா, மணிய விட்டுட்டு ஒரு சாதாரண ஸ்டாண்ட் ரெடி பண்ணுவேன். பைக் சக்கரம் குறுகலானது, கார் மாதிரி உள்பக்கம் வெளிப்பக்கம்னு தனித்தனியா பேலன்ஸ் பண்ண வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது, அதனால மிஷின் இல்லங்கறது குறையே இல்ல. நேரான ஒரு ராடு, ரெண்டு கூம்பு, ரெண்டு பக்கமும் கிரீஸ் கழுவின நல்ல பேரிங், அவ்வளவு தான். சக்கரத்தோட சொந்த பேரிங்க நம்பாதீங்க, அதோட சீல் உராய்வு அஞ்சு பத்து கிராம முழுங்கிடும். டயர் ஏத்தறதுக்கு முன்னாடி வெறும் ரிம்ம மாட்டி கனமான இடம் எதுன்னு பாத்து மார்க் பண்ணிக்கோங்க, வால்வ் இருக்கற இடம் தான் கனம்னு நினைச்சுக்குவோம், எப்பவும் அப்படி இருக்காது. டயர்ல லேசான இடத்தக் காட்டற கலர் புள்ளி இருந்தா அத ரிம்மோட கனமான இடத்துக்கு நேரா வெச்சு ஏத்துங்க, சில கம்பெனி டயர்ல புள்ளியே இருக்காது, அப்ப பரவால்ல. ஏத்தினப்புறம் மெதுவா விட்டா கனமான இடம் கீழ வந்து நிக்கும், நேர் மேல டேப்ல அஞ்சு கிராம் வெயிட்ட ஒட்டிப் பாருங்க, சக்கரத்த கால் சுத்து திருப்பி விடுங்க, எந்தப் பக்கம் விட்டாலும் விட்ட இடத்துல நிக்கற வரைக்கும் கூட்டிக் குறைச்சுட்டு அப்பறம் ரிம்ம ஸ்பிரிட்ல துடைச்சு நிரந்தரமா ஒட்டிடுங்க. நிறைய வெயிட் கேட்டா, அதாவது 60, 70 கிராமுக்கு மேல போனா, ஒட்டிட்டே போகாம டயர காத்து இறக்கி ரிம்ல அரை சுத்து திருப்பி வெச்சுப் பாருங்க, பாதி நேரம் அதுலயே குறைஞ்சிடும்.

அதோட, நீங்க இப்ப எதுக்காக பேலன்ஸ் பத்தி யோசிக்கறீங்கன்னு சொல்லல. ஏதாவது ஆட்டம் இருந்து தான் கேக்கறீங்கன்னா ஒண்ணு கவனிங்க. பேலன்ஸ் கோளாறு வேகம் ஏற ஏற துடிப்பும் வேகமாகும், ஆக்சிலரேட்டர் குடுத்தாலும் விட்டாலும் அதே வேகத்துல அதே மாதிரி இருக்கும். வேகம் குறையறப்ப மட்டும், கைய லேசா வெச்சா ஹேண்டில் இடது வலதா ஆடுதுன்னா அது பெரும்பாலும் ஸ்டீரிங் பேரிங், தேஞ்சு மேடு பள்ளமான முன் டயர், காத்து கம்மி இதுல ஒண்ணு, அதுக்கு மணியும் உதவாது வெயிட்டும் உதவாது. டயர் விளிம்புக்குப் பக்கத்துல ஒரு மெல்லிய கோடு சுத்தி ஓடும், அது ரிம்ல இருந்து எல்லா இடத்துலயும் ஒரே தூரத்துல இருக்கான்னும் பாருங்க, வீட்டுல டயர் ஏத்தறவங்களுக்கு வர்ற ஆட்டத்துல நிறைய இங்க தான் இருக்கும், ஒரு பக்கம் சரியா உக்காராம இருந்திருக்கும்.

ஏற்கனவே மணி போட்டாச்சு, வண்டி ஆடலன்னா அவசரப்பட்டு டயரக் கழட்ட வேண்டாம், அடுத்த டயர் மாத்தறப்ப எடுத்துட்டா போதும். போட்டதுக்கப்புறம் தான் ஆட்டம் ஆரம்பிச்சதுன்னா முதல்ல அதக் கொட்டிட்டு வெறும் டயரோட ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, அப்பறம் வெயிட்டப் பத்தி யோசிங்க.